பருந்துக்கும் ஏகாதசி

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வயதில் வெட்கப்படுவதற்கு என்னிடம் அதிகம் மிச்சமில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு வசந்தகாலம் முழுவதும் நான், அம்மாவின் அடுப்புக் கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு, மொன்ட்ரியாலை ஒட்டிய கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கையை நீட்டியபடி நின்றேன். மேலே வட்டமிடுகிற பருந்துகளில் ஏதாவது ஒன்று, இந்தப் பெண்ணுக்கு முறையான பயிற்சி இருக்கிறது என்று நினைத்து இறங்கி வந்து உட்காரும் என்பது என் கணிப்பு. கையுறையில் சேவல் படம் அச்சடித்திருந்தது. அதையும் ஒரு கவர்ச்சி அம்சமாகவே கணக்கில் சேர்த்திருந்தேன்.

பருந்து எதுவும் வரவில்லை. அடுத்த வீட்டு அம்மாள் தன் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் என்னைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒருநாள் தானும் கையை உயர்த்தி ஆட்டினாள். நான் அவளுக்கு போன்ழூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதைக்கு நானும் சேவலை ஆட்டினேன்.

நம் செட்டைச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும். எழுபதுகளின் தொடக்கம். மொன்ட்ரியாலில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே பேஸ்மென்டில் உட்கார்ந்துவிடலாம், உட்கார்ந்தோம். டாக்டர்கள் ஒரு சுவரோரம், எஞ்சினியர்கள் ஒரு சுவரோரம், நடுவில் ஆரஞ்சு நிறச் சடைக் கம்பளமும் புளியோதரையும். 'ஓம்' என்று தலையாட்டி, 'பேந்து வாறன்' என்று விடைபெறும் ஈழத் தமிழ் இந்த ஊருக்கு வந்து சேர இன்னும் பல வருடங்கள் இருந்தன. நம் அப்பாக்கள் எல்லோருமே ஏதோ ஒன்றில் நிபுணர்கள். அதனால் மற்ற எல்லாவற்றிலும் நிபுணர்கள் என்று அவர்களும் நம்பினார்கள், நாமும் நம்பினோம்.

என் அப்பா பல்கலைக்கழகத்தில் பாலங்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். எது எவ்வளவு கனம் தாங்கும், தாங்காவிட்டால் எந்த இடத்தில் உடையும் என்பது அவருடைய துறை. அதே துறையில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். தாடி, குழாய்ப் புகை, முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டு. அவர் வேட்டைப் பருந்து வளர்த்தார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பருந்து மாமா.

துறையினர் எல்லோரும் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருந்து மாமா தன் பறவையைக் கொண்டுவந்திருந்தார். அதன் காலில் மெல்லிய தோல்வார், வாரில் ஒரு சின்ன மணி. கண்ணை மறைத்திருந்த தோல் தொப்பியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். அது என்னைப் பார்த்தது. அதுவரை என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. என்னைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை. நம் சமூகத்தில் பத்து வயதுப் பெண்ணுக்கு அது அபூர்வமான அனுபவம். பிறகு கையை ஒரு வீசு வீசினார். அது ஏரிக்கு மேலே போய், தூரத்து மரத்தில் உட்கார்ந்து, ஒரு விசிலுக்குத் திரும்பி வந்து அவர் கையில் இறங்கியது. மணிச் சத்தம் முதலில் வந்தது. பறவை பிறகு வந்தது. விட்டால் போய்விடக்கூடிய ஒன்று, விட்ட பிறகும் திரும்பி வந்தது. என் அடுப்புக் கையுறைக் காலம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அப்பா அதை ஜன்னல் வழியே கவனித்திருக்க வேண்டும். வேறு அப்பாக்கள் பெண்ணின் கையிலிருந்து கையுறையை வாங்கி உள்ளே வைத்திருப்பார்கள். என் அப்பா கையுறைக்கு ஒரு பருந்து தேடினார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் அப்போது இன்னும் வயல்தான். வீடு கட்டுகிறவர்கள் மரங்களை வெட்டிக்கொண்டே முன்னேறினார்கள். நோய் கண்ட ஒரு பெரிய எல்ம் மரத்தின் உச்சியில் பருந்துக் கூடு இருந்தது. மரம் சாய்வதற்கு முன் அதை இறக்கியாக வேண்டும் என்று பருந்து மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்று குஞ்சுகள். அவருக்கு இரண்டு போதும். ஒன்றை நாங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இப்போதிலிருந்து வளர்த்தால் ஆகஸ்ட் முடிவதற்குள் அது பெண்ணின் கைக்குப் பறந்து வரும் என்றார்.

ஆகஸ்ட் முடிவதற்குள். அந்தக் கோடையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ராகுகாலம் கழிந்த பிறகு கிளம்பினோம். அம்மா ஸ்வெட்டருக்குமேல் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். நானும் அண்ணாவும் பின்னால். போன விதத்தைப் பார்த்தால் பெண் பார்க்கப் போகிற குடும்பம் என்றுதான் யாரும் சொல்வார்கள். வெற்றிலைத் தட்டு ஒன்றுதான் இல்லை. பருந்து மாமா வீட்டுக் கொட்டகையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே வைக்கோல், ஈரப் பஞ்சு மாதிரி மூன்று உருவங்கள், மூக்கைப் பிடுங்குகிற நாற்றம். வெளியே வெட்டப்பட்ட மரத்தின் திசையில் தாய்ப்பருந்து இன்னும் கத்திக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. அண்ணா அது ரயில் என்றான்.

பருந்து மாமாவின் யோசனை தெளிவாக இருந்தது. பெரியதாக இருப்பதை எடு. பெரியது பெண்ணாக இருக்கும், அதற்குத்தான் பலம் அதிகம். கையை நீட்டினால் மல்லாந்து விழுந்து காலால் உதைக்கிறதா, அதை எடு. அவர் கையை நீட்டிக் காட்டினார். ஒரு குஞ்சு உடனே மல்லாந்து நகங்களை விரித்தது. இன்னொன்று வாயைப் பிளந்து கத்தியது. மூன்றாவது ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

"இது எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்கோ" என்றாள் அம்மா.

"அவர் பெரிசை எடுக்கச் சொல்றார்" என்றார் அப்பா.

"அவராத்துலயா வளரப்போறது? நம்மாத்துல வளரப்போறது. அது சண்டைக்காரி, பாருங்கோ எப்படி முறைக்கறதுன்னு."

"எனக்கு அந்த முறைக்கறதுதான் வேணும்மா" என்றேன்.

"எங்களுக்கு நீ ஒருத்தி போறும்டி."

அடக்கமானதை எடுத்துக்கொண்டோம். அது அடக்கமாக இருக்கவில்லை, நோஞ்சானாக இருந்தது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. நம் வீடுகளில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கும் வழக்கம் இல்லை. பருந்து மாமா தோளைக் குலுக்கினார்.

அப்புறம் சாப்பாட்டுப் பேச்சு வந்தது. பருந்து மாமா புகைக் குழாயைத் தட்டிக்கொண்டே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. குஞ்சுக்கு எலி. முழு எலி, தோல், எலும்பு, குடல் எல்லாவற்றோடும். எலி கிடைக்காவிட்டால் கோழிக்குஞ்சு, அதுவும் முழுசாக. தன் பெரிய பருந்துக்கு வேட்டை நாட்களில் மட்டும் இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கொடுப்பதாகவும், சத்து குறைவதால் அது பசியோடு கைக்கு வரும் என்றும் சொன்னார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும்; ஸ்காட்லாந்து ஆங்கிலம் தெரியாது. "என்ன சொல்றார்?" என்று கேட்டாள்.

அப்பா ஒரு கணம் யோசித்தார். "கொஞ்சம் எறைச்சி வேணுமாம்" என்றார். "நன்னா அலம்பிக் குடுக்கணுமாம்."

எலி எங்கள் காரில் ஏறவே இல்லை.

வீடு வந்து சேரும்வரை அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இறைச்சியைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் வெங்காயம் வந்து சேர்ந்ததே ஒரு சமரசத்தின் பேரில்தான். ஆனால் மடியில் பெட்டிக்குள் இருந்தது யார் என்ற கேள்வி இருந்தது. வானத்தில் கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. பெருமாள் ஏறி வருகிற வாகனம் வாசலுக்கு வந்திருக்கும்போது வெளியே நில் என்று சொல்லமுடியுமா?

"இது கருடன் இல்லைடி, இது வேற ஜாதி. ஹாக்" என்றார் அப்பா.

"உங்களுக்கு எல்லாம் ஹாக்தான்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கருடனுக்குப் போய் எறைச்சியா?"

"கருடன் பாம்பே சாப்பிடறது."

"அது வெளியில சாப்பிட்டுட்டு வரும். ஆத்துல சாப்பிடாது."

மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உடன்பாடு ஏற்பட்டது. பருந்துக்கு கராஜ். இறைச்சிக்கு சமையலறையில் இடமில்லை. சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் சிவப்பு ஐஸ் பெட்டியை கராஜில் வைத்து அதில் போடவேண்டும். தனிக் கத்தி, தனித் தட்டு, அதைத் தொட்டவர் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். எலும்பு, தோல், ரத்தம் எதுவும் கண்ணில் படக்கூடாது. ஏகாதசி, அமாவாசை, வெள்ளிக்கிழமை கிடையாது. அந்த நாட்களில் அம்மாவே பயத்தம்பருப்பை வேகவைத்து, நெய் விட்டு, ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். பருந்து அதை, ஏரிக்கரையில் அதன் இனத்தான் என்னைப் பார்த்த மாதிரியே பார்த்தது.

ஜான்-டலோன் சந்தைக்கு அப்போது மாதம் இரண்டு முறை போவோம்; கத்தரிக்காயும் கொத்தமல்லியும் அங்கேதான் கிடைக்கும். அந்தச் சனிக்கிழமை அப்பா காய்கறி வரிசையைத் தாண்டி நடந்தார். இத்தாலியர் ஒருவரின் கறிக்கடை. கொக்கியில் தோலோடு முயல்கள் தொங்கின. அப்பா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கசாப்புக்காரரிடம் பேசினார். மாடு வேண்டாம். பன்றி வேண்டாம். கோழி. நெஞ்சுப் பகுதி மட்டும். தோல் வேண்டாம், கொழுப்பு வேண்டாம், எலும்பு வேண்டவே வேண்டாம்.

"குழந்தைக்கா?" என்று கேட்டார் கடைக்காரர், என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

"ஆமாம், குழந்தைக்கு" என்றார் அப்பா.

கடைக்காரர் இன்னும் சிறியதாக நறுக்கினார். பிறகு எலும்புகளை எல்லாம் ஒரு காகிதத்தில் சுற்றி, இலவசம், சூப்புக்கு நல்லது என்று நீட்டினார். அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தி மறுத்தார். அவர் விடவில்லை. "எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, குழந்தை வளரும்." அப்பா ஒரு அடி பின்னால் போனார். பொட்டலம் ஈரமாகப் பலகையிலேயே கிடந்தது. அதை என் கை எட்டும். நான் எடுக்கவில்லை. பத்து வயதில் அப்பா வேண்டாம் என்று சொன்ன ஒன்றை எடுப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீட்டில் அப்பா துண்டுகளை அம்மாவுக்குத் தூரத்திலிருந்து காட்டினார். "பாரேன், நுங்கு மாதிரிதான் இருக்கு."

"இந்த ஜன்மத்துக்கும் இனிமே நான் நுங்கு சாப்பிடமாட்டேன்" என்றாள் அம்மா. அந்த ஊரில் அவளுக்கு யாரும் நுங்கு தரப்போவதில்லை என்றாலும், தியாகம் தியாகம்தான்.

பருந்து மாமா விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போய்விட்டார். எங்களுக்குப் பருந்தும் கோடையும் மிஞ்சின.

அந்த முதல் வாரங்களை நான் கெடுத்துச் சொல்லமாட்டேன். கராஜில் பெட்ரோல் வாசனை, அதற்கு மேலே பழைய தலையணை வாசனை, அது பருந்துடையது. பஞ்சுக்கு நடுவே பழுப்பு இறகுகள் பென்சில் முனை மாதிரி முளைத்து வந்தன. பள்ளி விட்டதும் கையுறையை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்காருவேன். பழகுவதற்கு முதல் படி சும்மா உட்காருவதுதான் என்று பருந்து மாமா சொல்லியிருந்தார். சும்மா உட்காருவதில் எங்கள் இருவருக்கும் நல்ல தேர்ச்சி இருந்தது. அப்பாவின் பழைய பெல்ட்டை அறுத்துக் காலுக்கு வார் செய்தோம். மணிக்கு என் நாட்டியச் சலங்கையிலிருந்து ஒன்றைப் பிய்த்தேன். பருந்து அசையும்போதெல்லாம் கராஜில் யாரோ அலாரிப்பு ஆரம்பிக்கப் போவது மாதிரி இருக்கும். அந்தச் சலங்கை இன்று எங்கே போயிற்றோ.

அப்பா தினமும் வேலைக்குப் போகுமுன் சட்டையைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறைச்சியைக் குழாயடியில் அலம்புவார். தண்ணீர் தெளிவாகும்வரை அலம்புவார். பிறகு ஒரு பூஜைக்காரரின் சிரத்தையோடு இடுக்கியில் ஒவ்வொரு துண்டாக ஊட்டுவார். வெள்ளையாக, வாசனையே இல்லாமல், நாங்கள் அறிந்த எந்த இறைச்சியைவிடவும் சுத்தமாக இருக்கும். நாங்கள் அறிந்த இறைச்சி அது ஒன்றுதான். பருந்து நன்றாகச் சாப்பிட்டது. மளமளவென்று பருத்தது. "எப்படி வளத்திருக்கேன் பாரு" என்பார் அப்பா, ஈரக் கையோடு.

பள்ளி மூடிய சமயத்தில் அது உட்காருகிற விதம் மாறியது. பாதத்தில் நிற்காமல், காலின் பின்பக்கத்தை முழுக்கத் தரையில் பதித்து உட்கார்ந்தது. எழுந்தால் தள்ளாடியது. கால்கள் உள்பக்கமாக வளைந்த மாதிரி இருந்தன.

"வஜ்ராசனம்" என்றாள் அம்மா, கராஜ் கதவுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்து. "பெருமாளைத் தூக்கணும்னா அப்படித்தான் உக்காரும். கோவில்ல பாத்ததில்லையா?"

"நன்னா சாப்பிட்டு ரெஸ்ட் எடுக்கறது" என்றார் அப்பா.

"என்னடி, உன் கோழி எழுந்துண்டுதா?" என்று தினமும் கேட்பான் அண்ணா.

நான் நூலகத்தில் பருந்து வளர்ப்புப் புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதில் இருந்த குஞ்சுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. சாப்பாட்டு அத்தியாயத்தில் பருந்து மாமா சொன்னதேதான் இருந்தது: முழு உருப்படி, எலும்போடு. அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"அப்பா, எலும்பு குடுக்கணுமாம்ப்பா. மாமாவும் சொன்னாரே."

"காட்டுல அதுக்கு எடுத்துக் குடுக்க யார் இருக்கா? அதனால எலும்போட முழுங்கறது. நாம எடுத்துக் குடுக்கறோம். தொண்டையில சிக்கிண்டா என்ன பண்ணுவே?"

"கால் வளையறதுப்பா."

"வளையறதுக்கும் வளர்றதுக்கும் வித்தியாசம் தெரியணும் உனக்கு." பிறகு, குரலைத் தணித்து, "அம்மாகிட்ட எலி கிலின்னு உளறி வைக்காதே. இருக்கிறதும் போயிடும்."

அது உண்மைதான் என்று எனக்கும் தெரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கும்வரைதான் கராஜில் சிவப்புப் பெட்டி இருக்கும். அவள் கண்ணைத் திறக்கும்படி ஏதாவது செய்தால் கோழி நெஞ்சும் கிடைக்காது. செய்யாவிட்டால் எலும்பு கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் அதன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அடுத்த வீட்டு அம்மாளின் பூனைதான் உதவிக்கு வந்தது. ஒரு காலையில் வேலியோரம் செத்த எலி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. சின்ன எலி, இன்னும் சூடு ஆறவில்லை. மடக்குக் கைப்பிடி வைத்த என் தகர மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் அதைப் போட்டு மூடி, கொல்லைக் கதவு வழியாக கராஜுக்குப் போக நடந்தேன். கொல்லைக் கதவு சமையலறைக்குள் திறக்கும். அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"அதுல என்னடி?"

"ஒண்ணுமில்லே."

ஒன்றுமில்லாத பெட்டியை யாரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அம்மா திறந்து பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பெட்டியை மூடி, என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், எலியைப் பெட்டியோடு குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எல்லாத்துக்கும் சரி சரின்னேன். இந்த ஊருக்கு வரணும்னார், சரின்னேன். ஆத்துல எறைச்சின்னார், சரின்னேன். நீ சாதம் கொண்டு போற பொட்டியில எலியைப் போட்டுண்டு வறயே, இதுக்கும் நான் சரின்னு சொல்லணுமாடி?"

நான் விளக்கியிருக்கலாம். எலும்பு, கால், புத்தகம், எல்லாவற்றையும். அம்மா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "வேண்டாம்மா" என்றேன். நானும் குளித்தேன், வீடும் குளித்தது. அன்று வெள்ளிக்கிழமை. பருந்துக்குப் பயத்தம்பருப்பு.

அடுத்த வாரம் அது என் கைக்கு வர முயற்சி செய்தது. யாரும் நம்பமாட்டீர்கள், ஆனால் செய்தது. இறைச்சித் துண்டைக் கையுறையில் வைத்துக்கொண்டு ஒரு அடி தூரத்தில் நின்றேன். அது என்னைப் பார்த்தது, இறக்கையை விரித்தது, மணி அடித்தது, ஒரு எவ்வு எவ்வியது. பெட்டியின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈரச் சுள்ளி மடங்குகிற மாதிரி ஒன்று. எடுத்தபோது ஒரு கால் பக்கவாட்டில் தொங்கியது. அது கத்தவும் இல்லை. அடக்கமானது என்று நாங்கள் தேர்ந்தெடுத்தது அல்லவா.

மிருக வைத்தியரிடம் எல்லோரும் போனோம், அம்மாவும் வந்தாள். வைத்தியர் வயதானவர், பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். எக்ஸ்ரே எடுத்து விளக்குப் பலகையில் மாட்டினார். இறகுகளின் தண்டுகள் கோடு கோடாகத் தெரிந்தன. எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. கால் மட்டுமில்லை, இறக்கையிலும் பழைய முறிவுகள், எங்களுக்குத் தெரியாமலே உடைந்து கோணலாக ஒட்டியவை.

"என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார். கோழி நெஞ்சு, தோல் நீக்கி, எலும்பு நீக்கி, தண்ணீர் தெளிவாகும்வரை அலம்பி. பரீட்சையில் நன்றாக எழுதிய மாணவன் மாதிரிதான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"சதை கொடுத்தால் சதைதான் வளரும், ஐயா. எலும்பு எங்கிருந்து வரும்? அதன் உடம்பின் கனத்தையே அதன் கால் தாங்கவில்லை."

கனமும் தாங்குவதும் அப்பாவின் பாடம். அவர் அந்த விளக்குப் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வைத்தியர் பிறகு சொன்னதை நான் புரிந்துகொண்டேன். ஓரிரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். இப்போது செய்யக்கூடியது ஒரு ஊசிதான். வலிக்காது.

"என்ன சொல்றார்?" என்றாள் அம்மா.

"ஊசி போடறாராம்" என்றார் அப்பா.

"போட்டா நடக்குமாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று சொல்கிறாரா, நீ சொல்லேன் என்று கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் காலணியைப் பார்த்தேன். அம்மா வைத்தியரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் சேர்த்து, "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னாள். அவர் பறவையை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மணிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெறும் துண்டு திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. காரில் ஏறினோம். நெடுஞ்சாலையில் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராக கராஜுக்குப் போய், சிவப்புப் பெட்டியில் மிச்சமிருந்த துண்டுகளை வெளியே எடுத்தார். அவற்றை எங்கே போடுவது என்று தெரியாமல், தட்டைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். ஆகஸ்ட் முடிய இன்னும் நாள் இருந்தது.

செப்டம்பரில் பருந்து மாமா ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டபரா டம்ளரில் காப்பி கொடுத்தாள். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை எலியையும் சேர்த்துச் சொன்னார். தமிழில் சொல்லாமல் விட்டதை ஆங்கிலத்தில் ஒப்புக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். பருந்து மாமா பொறுமையாகக் கேட்டு, காப்பியை ஆற்றிக்கொண்டு, என் தலையைத் தட்டினார்.

"வருத்தப்படாதே, பெண்ணே. என் முதல் பருந்தும் செத்துத்தான் போயிற்று. முதல் பருந்து எல்லோருக்கும் செத்துப்போகும். இரண்டாவதிலிருந்துதான் வளர்க்கவே வரும்."

"என்ன சொல்றார்?" என்றாள் அம்மா.

அப்பா இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் புறப்பட்டவள், கதவருகே நின்றாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா, மொதல்லயே ரெண்டாவதை வாங்கிண்டு வந்திருக்கலாமே."